ரெண்டாவது மஞ்சள் கார்டு

“மூணு கோல் முன்னாடி கீற. மேட்ச் முடியப் போவுது. அப்ப இன்னாடா உனக்கு ஷூ லேஸ் அவுத்துக் கட்ற வேலை?”

தங்கவேல் போட்ட சத்தத்தில், கோட்டூர்புரம் குடியிருப்பின் மூன்றாவது மாடியில் எதிர்வீட்டுக் கதவு திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொண்டது.

இந்தியக் கால்பந்து அணியின் கோல்கீப்பர் விக்கி, தலையைக் குனிந்துகொண்டு மீன்குழம்புச் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தான். அணி தங்கியிருக்கும் ஓட்டலில் அனுமதி கேட்டு, மதியச் சாப்பாட்டுக்கு மட்டும் வீட்டுக்கு வந்திருந்தான்.

“சாப்பிடற புள்ளையாண்ட ஏன்யா கத்தற?” என்றாள் சுலோச்சனா. “ஒரு மஞ்சள் கார்டுதானே? நானும் டிவில பாத்தேன். ரெஃப்ரீ காட்டிட்டு பாக்கெட்ல வெச்சிக்கினான். இவன் பாட்டுக்கு ஆடிக்கினுதான இருந்தான்?”

“உனக்கு இன்னாடி தெரியும்?”

எவ்வளவு கோபம் வந்தாலும் தங்கவேலால் ஒரு விஷயத்தை விளக்காமல் விட முடியாது. தி. நகர் துணிக்கடைகளில் லிஃப்ட் பழுது பார்ப்பவர். எதையும் பிரித்துக் காட்டினால்தான் அவருக்கு மனசு ஆறும். வறுத்த மீன் துண்டு ஒன்றை எடுத்து மகன் தட்டின் ஓரத்தில் வைத்தார்.

“இது குவைத் மேட்ச்ல வாங்கின கார்டு. அன்னிக்கு ஒண்ணும் ஆவாது. ஆனா அழியாது, அப்படியே நிக்கும்.” இன்னொரு துண்டை அதன் பக்கத்தில் வைத்தார். “இது வியாழக்கிழமை வாங்கினது. ரெண்டும் சேந்துச்சா? அடுத்த மேட்ச் தானா கட். எவன் கால்ல வுழுந்தாலும் உள்ள வுட மாட்டான். லிஃப்ட்ல ஓவர்லோடு மணி அடிச்சா பேசிப் பாக்க முடியுமா? ஆள் எறங்கினாத்தான் கதவு மூடும்.”

சுலோச்சனாவின் கரண்டி அந்தரத்தில் நின்றது.

“அடுத்த மேட்ச்னா… நாளைக்கு நம்ம ஊர்ல நடக்கறதா?”

“அதேதான்! அத உன் புள்ளையக் கேளு.”

தோஹா, தாஷ்கண்ட், பாங்காக், நடுவில் மலேசிய கிளப் ஒன்றுக்காக இரண்டு சீசன். விக்கி பல தேசத்துக் கோல் கம்பங்களுக்கு நடுவே நின்றாகிவிட்டது. எல்லாவற்றையும் தங்கவேல் டிவியில் கட்டைவிரல் உயரத்தில்தான் பார்த்திருக்கிறார். விக்கி இந்தியாவுக்கு ஆட ஆரம்பித்த பிறகு அணி சென்னைக்கு வருவது இதுதான் முதல் தடவை. மகனை முழு உயரத்தில் பார்க்கப்போகிறோம் என்று மாதக்கணக்காகப் பூரித்துக்கொண்டிருந்தார்.

“குடிசைய இடிச்சி பெரும்பாக்கத்துக்குத் தூக்கிப் போட்டாங்களே நம்ம ஆத்தோரத்து ஜனம், அத்தினி பேரும் வேன் பேசி வராங்க. அவங்களுக்கு இன்னாத்த காட்டுவேன்? நீ மேல ஒக்காந்துகினு பாப்கார்ன் துன்றதையா?”

“நைனா, தப்புதான். வுடேன்.”

“வுடறதா? டைம் வேஸ்ட் பண்றவன் யாரு? ஒரு கோல்ல தொங்கிக்கினு இருக்கறவன், எப்படா விசில் அடிப்பான்னு பண்ணுவான். அதுல ஒரு நியாயம் கீது. உனக்கு மூணு கோல்! அடிடா பந்தன்னு ரெஃப்ரீ கைய ஆட்டறான். நீ பந்த இந்தாண்ட வெக்கற, அந்தாண்ட வெக்கற. அப்புறம் குந்திக்கினு லேச அவுக்கற. திமிருடா! பேப்பர்ல மூஞ்சி வந்துச்சுல்ல, கொழுப்பு ஏறிப் போச்சு.”

விக்கி தண்ணீரைக் குடித்தான்.

“இன்னொரு தபா டீம் இங்க எப்ப வரும்? அப்ப நீ இருப்பியா? ஒரு முட்டி ஏற்கெனவே வெட்டித் தெச்சது!”

“போதும்யா,” என்றாள் சுலோச்சனா. மகன் பக்கம் திரும்பினாள். “அப்ப நாளைக்கு உன் எடத்துல யாருடா நிக்கப்போறது?”

அவன் பதில் சொல்வதற்குள் அழைப்பு மணி அடித்தது.

வாசலில் அப்துல் வஹீத் பாய், கையில் இனிப்புப் பெட்டியோடு நின்றார். தேனாம்பேட்டையில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். அவர் மகன் ஹஸனும் விக்கியும் ஆற்றோர மைதானத்தில் ஒன்றாகப் புரண்டவர்கள். ஹஸனும் இந்திய அணியில்தான் இருக்கிறான், அவனும் கோல்கீப்பர்தான், விக்கிக்கு அடுத்த ஆள். ஆனால் நிற்பதற்கு இடம் ஒன்றுதானே? அணியோடு விக்கி போன தேசத்துக்கெல்லாம் ஹஸனும் போய், பெஞ்சில் உட்கார்ந்துவிட்டுத் திரும்பி வந்தான்.

“எடுத்துக்கம்மா சுலோச்சனா. நாளைக்கு ஹஸன் ஆடறான், மாஷா அல்லா! இந்த மேட்சோட ஆட்டத்தையே வுட்டுடறேன்னு போன மாசமே சொல்லிட்டான். ஒரு தபா கூட எறங்காமலே போயிடுவானோன்னு அவன் அம்மா அழுதுக்கினே இருந்தா.”

தங்கவேல் பெட்டியைத் தொடவில்லை.

“நல்லா இருங்க பாய். என் புள்ள கார்டு வாங்கித் தொலைச்சான், உங்க வூட்ல விருந்து. அத என் வூட்டுக்கே வந்து கொண்டாடணுமா?”

பாய் முகம் வாடிவிட்டது.

“இன்னா தங்கவேலு இப்படிச் சொல்ற? கார்டுக்கும் ஹஸனுக்கும் இன்னா சம்பந்தம்?”

விக்கி எச்சில் கையோடு பாய்ந்து எழுந்தான். “மாமா, உள்ள வாங்க, மொதல்ல சாப்பிடுங்க…”

“இருடா. உங்க நைனா தப்பா நெனச்சிக்கினு கீறாரு.” பாய் தங்கவேலின் தோளில் கை வைத்தார். “அந்தச் சட்டமெல்லாம் எனக்குத் தெரியாதுப்பா. கோச்சு முன்னாடியே முடிவு பண்ணிட்டாரு போல. அந்த வியாழக்கிழமை மேட்சுக்கு மொத நாளே விக்கி எனக்கு போன் பண்ணானே, ‘மாமா, சென்னைல ஹஸன்தான் நிக்கறான், ஆம்பூர் சொந்தக்காரங்களையெல்லாம் வரச் சொல்லிடுங்க, ஹஸன்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்க’ன்னு!”