அகல டயர்

சைக்கிள் கடை வாசலில் விழும் சாய்வெயிலில், கொக்கியில் தொங்கும் டயர்களை அக்கா ஒவ்வொன்றாகக் கட்டைவிரலால் அழுத்திப் பார்க்கிறாள். போன மழைக்காலத்தில் சரளைக்கல் பாதையில் சறுக்கி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டவள். அதன் பிறகு சைக்கிளைத் தொடவே இல்லை. "பழம் பழுத்திருக்கான்னு பாக்கிறியாக்கா?" என்கிறான் தம்பி. "விழுந்தது நானா நீயா? வாய மூடுடா." கடைக்காரர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, அவள் கை நின்ற அகல டயரை அவளுடைய சைக்கிளில் மாட்டுகிறார்; காற்றை நிரப்பிவிட்டு, உஸ்ஸென்று கொஞ்சம் இறக்குகிறார். "டயர் கல்லு மாதிரி இருக்கக் கூடாதும்மா. கொஞ்சம் அமுங்கினாத்தான் சரளையில தூக்கிப் போடாது." ஸ்பிரிங் வைத்த சீட்டும், முதுகு வளையாமல் பிடிக்கிற மாதிரி உயரமான ஹேண்டில்பாரும் ஏறுகின்றன. "இப்ப உக்காந்து பாருங்க." அக்கா உள்ளங்கைகளைத் துடைத்துக்கொண்டு ஏறுகிறாள்; தம்பி பின்னாலிருந்து சீட்டைப் பிடித்துக்கொள்கிறான். கண்ணை இறுக மூடிக்கொண்டு பெடலை மிதிக்கிறாள். பின்சக்கரம் கிர்ரென்று சுற்ற, அதன் கம்பிகளில் வெயில் சிதறுகிறது. "விட்டுடாதடா." "விடமாட்டேன்க்கா." சைக்கிள் ஸ்டாண்டில்தான் நிற்கிறது; பின்சக்கரம் தரையைத் தொடவே இல்லை. கடைக்காரர் அதைச் சொல்ல வாயெடுக்கிறார். தம்பி வேண்டாமென்று தலையசைத்துவிட்டு, சீட்டை இரண்டு கையாலும் இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொள்கிறான்.