பெருங்களத்தூர் போகாத கார்

முகிலனின் மூக்கிலிருந்து ரத்தம் ஸ்டீயரிங்கில் சொட்டிக்கொண்டிருந்தது. அப்படியும் அவன் சாவியைத் திருகுவதை நிறுத்தவில்லை. வண்டியில் ஒரு முனகல்கூட இல்லை, செத்த மாடு மாதிரிக் கிடந்தது.

"இன்னொரு வாட்டி போடு" என்று பக்கத்து சீட்டிலிருந்த ஜெயவேலு, தம்பியின் பிடரியில் மறுபடி அறைந்தான். நெற்றி போய் மோதியதில் ஹார்ன் முடிச்சூர் ரோடே திரும்பிப் பார்க்கிற மாதிரி அலறியது.

"போட்டுக்கினுதான் கீறேன்ணா."

"டாக்ஸி ஓட்டுறேன்னு ஊரெல்லாம் பீத்திக்கிற. ஒரு வண்டிய எடுக்கத் துப்பில்ல."

ஜெயவேலுவின் மடியில் பழைய லுங்கியில் சுற்றிய அரிவாள் இருந்தது. விடிவதற்குள் வீட்டைவிட்டுப் போன தங்கை தீபலட்சுமி, பெருங்களத்தூரில் காதலன் பிரிட்டோவோடு திருச்சி பஸ்ஸுக்கு நிற்பதாக இப்போதுதான் சேதி வந்திருந்தது. பஸ் வருமுன் போய்ச் சேர்ந்தால் பிரிட்டோவின் தலை உடம்பில் இருக்காது.

ஆட்டோவில் போகலாம்தான். அவனை வெட்டிப் போட்டுவிட்டு, அலறுகிறவளை எந்த ஆட்டோவில் தூக்கிப்போட்டு வருவது? ஜெயவேலுவுக்கோ கார் ஓட்டத் தெரியாது.

இறங்கிப் போய், எதிர்க்கடை மெக்கானிக் கோதண்டத்தைக் காலரைப் பிடித்து இழுத்து வந்தான். கோதண்டம் பானெட்டைத் தூக்கினார். பேட்டரி ஒயரை ஆட்டிப் பார்த்தார், பியூஸைப் பிடுங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"எல்லாம் ஒழுங்காத்தானே கீது" என்று முணுமுணுத்தபடி டிரைவர் பக்கக் கதவைத் திறந்து குனிந்தார். கீழே பார்த்தார். பிறகு முகிலனின் முகத்தைப் பார்த்தார். நிமிர்ந்து, கை எண்ணெயைத் துணியில் மெதுவாகத் துடைத்தார்.

"உள்ள கம்ப்யூட்டர் அவுட்டு ஜெயவேலு. தள்ளுனாலும் எடுக்காது."

"நேத்துதானய்யா சர்வீஸ் பண்ணே?"

"நேத்து நல்லாத்தான் இருந்துச்சு. மனுசன் மட்டும் சொல்லிக்கினா சாவுறான்?"

ஜெயவேலு விட்ட உதையில் கோதண்டம் பம்பர்மேல் போய் விழுந்தார். பல் ஒன்று தெறித்து ரோட்டில் உருண்டது. அதே நேரம் ஜெயவேலுவின் போன் அடித்தது. பஸ் ஸ்டாப்பில் நிறுத்தி வைத்திருந்த கூட்டாளி ஹர்ஷா.

"மச்சான், பஸ் வந்துச்சு, ரெண்டு பேரும் ஏறிட்டாங்க. வண்டி போயே போச்சு. நான் ஒண்டி ஆளு, இன்னா பண்றது?"

அவன் கத்திச் சொன்னது காருக்குள் வரைக்கும் கேட்டது. ஜெயவேலு போனை ரோட்டில் அடித்து நொறுக்கினான். சீட்டில் கிடந்த லுங்கியை உதறி அரிவாளை எடுத்தான். கோதண்டத்தின் முடியைக் கொத்தாகப் பிடித்து, தலையை வண்டிமேல் வைத்து அழுத்தினான்.

"நீதான்யா நேத்தே வண்டிய கெடுத்து வெச்சிருக்க. அந்தப் பிரிட்டோ உங்கிட்ட இன்னா பேசுனான்? சொல்லு."

கோதண்டம் கண்ணை மட்டும் இறுக்கி மூடிக்கொண்டார். அரிவாள் மேலே எழும்பியது.

கார்க் கதவு திறந்தது. முகிலன் வந்து அண்ணனின் மணிக்கட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான்.

"அவர வுட்ருண்ணா. கிளட்ச்ச மிதிச்சாத்தான் இந்த வண்டி ஸ்டார்ட் ஆவும், நான் மிதிக்கவேயில்ல."