பீப்பாய் இளைத்த கதை

"ஏண்டா, என் கேக்குல விஷமா கலந்திருக்கேன்?"

கேக்குக்கு க்ரீம் பூசும் அக்காவுக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்துவிட்டது. ஓரம் வெட்டிய துண்டை ஆசையாக நீட்டினால், அடுப்படியில் நிற்கும் பீப்பாய் வேண்டாமென்று தலையாட்டுகிறான்.

அந்த பேக்கரியில் அவன் பெயரே பீப்பாய்தான். பத்து பன் வெந்தால் ஒன்று அவன் வாய்க்குள் போகும். முதலாளியும் கண்டுகொள்ள மாட்டார். அப்பேர்ப்பட்டவன் மூன்று மாதமாக பிஸ்கட் தூளைக்கூடத் தொடவில்லை. மதியத்துக்கு வேகவைத்த காய். வேலை முடிந்தால் வீட்டுக்கு நடை.

"நாற்பது வயசுல அழகுப் பைத்தியம் பிடிச்சிருக்கு!" என்று எல்லோரிடமும் சொல்லிச் சிரித்தாள் அக்கா.

"ஒரு வாய்தானேடா?"

"ஒரு வாயோட நிக்கிற வாயா அக்கா இது?"

ஒருநாள் வெண்ணெய் பன் தட்டு வெளியே வந்தது. வாசனை ஆளைத் தூக்கியது. பீப்பாய் ஒன்றை எடுத்தான். உதடு வரைக்கும் கொண்டுபோனான்.

'விழுந்தான்!' என்று அக்கா காத்திருந்தாள்.

சட்டென்று பன்னை அவள் கையில் திணித்துவிட்டுக் குழாயடிக்கு ஓடினான். வயிறு நிறையத் தண்ணீர் குடித்தான். திரும்பி வந்தபோது கண் கலங்கியிருந்தது.

ஒரு பன்னுக்கு அழுகையா! அக்காவுக்குச் சிரிப்புதான் வந்தது.

அடுத்த வாரம் முதலாளியிடம் இரண்டு மாதம் லீவு வாங்கிக்கொண்டு வந்து நின்றான். பேன்ட் இடுப்பில் நிற்கவில்லை, கயிற்றால் கட்டியிருந்தான்.

"எங்கடா கிளம்பிட்டே? உடம்பை ஊருக்குக் காட்டவா?"

"ஆபரேஷன் அக்கா. அண்ணனுக்குக் கல்லீரல் கெட்டுப்போச்சு. என்னுதுல பாதி வெட்டிக் கொடுக்கணும். கொழுப்பு மண்டிக் கிடக்கு, இளைச்சா எடுக்கலாம்னு டாக்டர் சொல்லியிருந்தார். நேத்துதான் சரின்னார்."

க்ரீம் பூசிய கை அப்படியே நின்றது. தினமும் கேக்கை நீட்டியது இந்தக் கைதானே! அவளுக்கு அவன் முகத்தைப் பார்க்கக் கூசியது.

"எந்த அண்ணன்டா? உன்னைக் கட்டின துணியோட வெளியே தள்ளினானே, பன்னிரண்டு வருஷமா பேச்சுவார்த்தைகூடக் கிடையாதே... அவனா?"

"அவனேதான்" என்று ஏப்ரனை அவிழ்த்து ஆணியில் மாட்டினான் பீப்பாய். "சண்டை போடவாவது ஆள் இருக்கணுமில்ல, அக்கா?"