கேட்ட சம்பளம்

"திசையன்விளையிலயிருந்து பஸ் ஏறி வந்து இருபதாயிரம் கேக்கியே, இந்தத் தைரியத்துக்கே தனியா ஒரு சம்பளம் குடுக்கலாம் போலிருக்கே!"

மேனேஜர் மகேஸ்வரன் இதைச் சொன்னபோது பாதி உளுந்தவடை அவர் வாயில் இருந்தது. மீதிப் பாதி விஜயஸ்ரீயின் பயோடேட்டா மேல் இருந்தது.

விஜயஸ்ரீ பல்லைக் கடித்துக்கொண்டாள். பத்து மணிக்கு வரச் சொன்னால் பத்து மணிக்கே வந்துவிடுவது வேலை தேடுகிறவர்களின் கெட்ட பழக்கம். மத்தியானம் வரை வெளியே உட்கார்ந்து, மேனேஜர் செல்போனில் வீடியோ பார்த்துச் சிரிப்பதைக் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். காற்றாலைகளைப் பராமரிக்கும் கம்பெனியாம். காற்று எங்கே அடிக்கிறதோ இல்லையோ, இந்த ஆபீஸ் நன்றாகவே காற்று வாங்கியது.

"விளம்பரத்துல பதினெட்டுலயிருந்து இருவத்திரண்டு வரைக்கும்னு போட்டிருந்துது சார். எனக்கு அக்கவுண்ட்ஸ்ல அஞ்சு வருஷ அனுபவம் இருக்கு. ஜிஎஸ்டி எல்லாம் நானே பாப்பேன்."

"செகப்பாக்குத கிரீமுக்கும்தான் விளம்பரம் போடுதான். நாம செகப்பாவா ஆயிட்டோம்? பன்னெண்டு தாரேன்."

"இப்ப உள்ள வேலையிலயே பதினாலு வாங்குதேன் சார்."

"அப்ப அங்கனயே இருக்க வேண்டியதுதானே? இங்க எவன் வெத்தல பாக்கு வச்சு அழைச்சான்? சரி, வீட்டுல மாப்பிள்ள பாக்காங்களா?"

"அது எதுக்கு சார்?"

"கல்யாணமானா நின்னுருவே. ஒனக்குத் தொழில் சொல்லிக் குடுத்த எங்க உழைப்பு வீணாப் போகும்லா?"

அஞ்சு வருஷம் கணக்குப் பார்த்தவளுக்கு, வடையை எங்கே வைப்பது என்று தெரியாதவர் தொழில் சொல்லிக்கொடுக்கப் போகிறாராம்.

"அப்பா என்ன செய்யுதாரு?"

"அப்பா இல்ல சார். அம்மா முருங்கைக்காய் பறிக்கப் போறாங்க. தம்பி படிக்கான்."

மகேஸ்வரன் மெல்லுவதை நிறுத்தினார். சட்டென்று குரலை உயர்த்தினார்.

"ஓகோ! ஒப்பாரி வச்சு சம்பளத்த ஏத்தலாம்னு வந்தியாக்கும்? நீ சரிப்பட்டு வரமாட்டே. எந்திரிச்சுப் போம்மா!"

விஜயஸ்ரீக்கு முகம் சிவந்துவிட்டது. கிரீம் இல்லாமலேயே.

எழுந்தாள். ஆனால் போகவில்லை.

"முதலாளியப் பாக்காம போக மாட்டேன்."

"அவரையெல்லாம் பாக்க முடியாது. முதல்ல கிளம்பு!" மகேஸ்வரனே ஓடிப்போய்க் கதவைத் திறந்துவிட்டார்.

அந்த நேரம் பார்த்து மாடியிலிருந்து முதலாளி செல்வமணி இறங்கி வந்தார். வெள்ளை வேட்டி, நெற்றியில் திருச்செந்தூர்ச் சந்தனம், முகத்தில் சிரிப்பு.

"என்ன தாயி, ஏன் கண் கலங்கி நிக்கே?"

விஜயஸ்ரீ ஒரே மூச்சில் எல்லாவற்றையும் கொட்டினாள். வடையைக்கூட விடவில்லை. முதலாளி மேனேஜர் பக்கம் திரும்பினார்.

"ஏன்வே! படிச்ச பிள்ளைகிட்டப் பேசுத பேச்சாவே இது? மன்னிப்புக் கேளும்வே!"

"மன்னிச்சிரும்மா," என்றார் மகேஸ்வரன், தரையைப் பார்த்து.

"நீ எவ்வளவு கேட்டே தாயி?"

"இருபது, அண்ணாச்சி."

"இருவத்திரண்டா வச்சுக்கோ. நம்ம வீட்டுப் பிள்ளைகிட்ட என்ன பேரம்? ஒரிஜினல் சர்டிபிகேட்டெல்லாம் கொண்டாந்திருக்கியா? குடு, நம்மகிட்டப் பத்திரமா இருக்கட்டும். திங்கக்கிழம வந்து சேந்துக்கோ."

உலகத்தில் நல்லவர்களும் இருக்கத்தான் செய்கிறார்கள். விஜயஸ்ரீக்கு அவர் காலில் விழலாம் போல் இருந்தது. பத்தாம் வகுப்பு மார்க் ஷீட் முதல் டிகிரி வரை அத்தனையையும் எடுத்து, இரண்டு கையாலும் நீட்டினாள். முதலாளி அதே சிரிப்போடு வாங்கிக்கொண்டு மாடி ஏறினார்.

மேனேஜர் இன்னும் தலை நிமிரவில்லை. இப்படி ஒரு நிமிஷம் எல்லோருக்கும் வாய்க்காது. அதை வீணாக்க விஜயஸ்ரீக்கு மனமில்லை.

"பாத்தீங்களா சார்? பெரிய மனுசங்க எப்படிப் பேசுவாங்கன்னு அவருகிட்டப் போய்ப் படிச்சுக்கோங்க."

மகேஸ்வரன் மாடிப்படியைப் பார்த்தார். மாடியில் கதவு சாத்துகிற சத்தம் கேட்கும்வரை அப்படியே நின்றார். பிறகு பைய வாயைத் திறந்தார்.

"உன்ன விரட்டத்தாம்மா அவ்வளவு கேவலமாப் பேசுனேன். வெளிப்படையாச் சொன்னா அவரு காதுக்குப் போயிரும். முன்னாடி இன்டர்வியூக்கு வந்தவங்கள்லாம் என்னத் திட்டிக்கிட்டே போயி தப்பிச்சுட்டாங்க. நீதான் போக மாட்டேன்னு நின்னுட்டே."

"என்ன சார் சொல்லுதீங்க?"

"வேலைய விட்டு நிக்கேன்னு சொன்னா, சர்டிபிகேட்டத் திருப்பித் தர ரெண்டு லட்சம் கேப்பாரும்மா. என் டிகிரி ஒம்போது வருஷமா அந்த மாடியிலதான் கிடக்கு."