கோல் கணக்கு

மக்கள் புரட்சிக்குப் பயந்து சர்வாதிகார அதிபர் விமானமேறி ஓடிப்போன மறுவாரம், துனிசியாவின் துனிஸ் நகரத்துக் காபிக் கடையில் ஒரே கூச்சல். ஹெஷ்மியும் ரிதாவும் மேசையைத் தட்டித் தட்டி அரசியல் பேசிக்கொண்டிருந்தார்கள்.

வழக்கம்போல் அவர்கள் பக்கத்தில் வந்து உட்கார்ந்த லஸாதுக்கு ஏமாற்றமாக இருந்தது.

"என்னப்பா, ஞாயித்துக்கிழமை மேட்ச்ல யாரு ஜெயிப்பா?"

"மேட்சா? இனிமே இந்த மேசையில பந்து உருளாது!" என்றார் ஹெஷ்மி.

"இருபது வருஷமா கால்பந்தைத் தவிர வேற பேச்சே கிடையாதே உங்களுக்கு! உசுரே அதுதானே?"

ரிதா சிரித்தார். "ஆஃப்சைடுன்னா என்னன்னே எங்க ரெண்டு பேருக்கும் தெரியாது."

"அப்புறம் எதுக்கு...?"

"நீ உளவுத்துறை ஆளுன்னு முதல் நாளே தெரிஞ்சுபோச்சுடா. அதான், நீ வந்து உக்காந்தா கால்பந்து!"

லஸாதின் காபிக் கோப்பை பாதி வழியில் நின்றது. பிறகு வயிறு குலுங்கச் சிரிக்கத் தொடங்கினார்.

"அடப் படுபாவிங்களா! நீங்க சொன்ன கோல் கணக்கு ஒண்ணுகூட நடந்த மேட்சோட ஒத்துப்போகலை. புரட்சிக்கு ஏதோ ரகசியக் குறியீடு போலன்னு எங்க ஆபீஸே இருபது வருஷமா மண்டையை உடைச்சுக்கிட்டு இருந்துச்சு!"