முதல் தடவையே சொல்லிடணும்

“முடியாது சார். தப்பான அளவு வந்தா தப்புன்னுதான் சொல்லும். சரின்னு தலையாட்டாது.”

கயல்விழி இப்படிப் பட்டென்று சொன்னதும், லேப்டாப் திரையில் தெரிந்த சிவப்பிரகாசத்துக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. அவர் சென்னை அலுவலகத்தில் அவளுடைய மேலாளர். அவள் திருத்தணியில் வீட்டிலிருந்தே வேலை பார்ப்பவள். ஆடிக் கிருத்திகைக்குக் காவடிகள் போய்க்கொண்டிருந்த தெருவின் சத்தம் கேட்காமலிருக்க, ஜன்னலைச் சாத்தியிருந்தாள்.

விஷயம் இதுதான். ஆஸ்பத்திரியில் நோயாளிக்குச் சொட்டுச் சொட்டாக மருந்து ஏற்றும் பம்ப்பை அவர்கள் கம்பெனி தயாரிக்கிறது. அதன் கெர்னல், அதாவது இயந்திரத்தை நேரடியாக ஆட்டிவைக்கும் அடி மென்பொருள், கயல்விழியின் பொறுப்பு. நர்ஸ் தொடும் திரை வேறு குழுவின் வேலை. ‘இந்த வேகத்தில் ஏற்று’ என்று திரை கேட்கும், கெர்னல் செய்யும். இன்றைக்குச் சோதித்தபோது, திரை திடீர் திடீரென்று பம்ப்பால் முடியாத வேகத்தைக் கேட்டது. கெர்னல் ‘செல்லாது’ என்று திருப்பி அனுப்பியது. சிவப்பு விளக்கு எரிந்து பம்ப் நின்றுவிட்டது.

“நாளைக்கி ஆஸ்பத்திரிக்காரங்க பார்க்க வராங்க. இப்படி நின்னா மானம் போயிடும்ங்க,” என்றார் சிவப்பிரகாசம். “அதிகமா கேட்டா, பம்ப்பால எவ்வளவு முடியுமோ அவ்வளவு வெச்சு ஓட்டிட வேண்டியதுதானே? ஒரே ஒரு வரி மாத்தணும்.”

“கேட்டது ஒண்ணு, ஓடறது ஒண்ணு, நர்ஸுக்கு மட்டும் பச்சை லைட்டா? அந்தம்மா நிம்மதியா அடுத்த பெட்டுக்குப் போயிடுவாங்க. இங்க படுத்துகினு இருக்கிறவன் கதி?”

கதவைத் தள்ளிக்கொண்டு கெங்கம்மாள் எட்டிப் பார்த்தாள்.

“இன்னாடி இது, காலைலேர்ந்து பொட்டிக்குள்ள மூஞ்சிய வெச்சிகினு? சோறு ஆறிப்போவுது. உனக்குன்னு புளிச்சகீரை கடைஞ்சி வெச்சிட்டு குந்திகினு இருக்கேன்.”

“தோ வரேம்மா. ஒரு பத்து நிமிஷம்.”

புளிச்சகீரை என்றாலே கயல்விழிக்குப் பல் கூசும். அதை முகத்தில் காட்டிக்கொள்ளவில்லை. கெங்கம்மாள் அவள் நெற்றியில் விழுந்த முடியை ஒதுக்கிவிட்டுப் போனாள்.

“இந்த ஒரு தடவை மட்டும் விட்டுக்குடுங்க,” சிவப்பிரகாசம் இறங்கி வந்தார். “அடுத்த ரிலீஸ்ல உங்க இஷ்டப்படி பண்ணிக்கலாம்.”

“அடுத்ததுல முடியவே முடியாது சார். இன்னிக்கி சரின்னு வாங்கிக்கினா, கேக்கறவங்க அதையே நம்பிடுவாங்க. அதுமேல இன்னும் நாலு கட்டிடுவாங்க. அப்புறம் ஒரு நாள் போயி ‘நீ கேட்டது தப்பு’ன்னா எல்லாம் இடிஞ்சி விழும். சொல்றதா இருந்தா முதல் தடவையே சொல்லிடணும்.”

“அப்போ வேற ஆளை வெச்சு மாத்திக்கிறேன். இந்த டீம்ல உங்களுக்கு இடம் இருக்குமான்னு நீங்களே யோசிச்சுக்கோங்க.”

வீட்டிலிருந்தே செய்கிற மாதிரி இன்னொரு வேலை கிடைப்பது குதிரைக்கொம்பு. கெங்கம்மாளைத் தனியாக விட்டுவிட்டுத் தினமும் சென்னைக்கு ரயிலேறவும் முடியாது. இருந்தாலும் கயல்விழி பின்வாங்கவில்லை.

“மாத்திக்கோங்க சார். ஆனா நான் போட்ட தடுப்பை எடுத்தது யாருன்னு எழுதிட்டு எடுங்க. என் பேர்ல அது ஆஸ்பத்திரிக்குப் போகக் கூடாது.”

சிவப்பிரகாசம் ஏதோ சொல்ல வாயெடுப்பதற்குள், திரைக் குழுவைச் சேர்ந்த தீபா அழைப்பில் வந்து சேர்ந்தாள். மூச்சு வாங்கியது.

“சார், புடிச்சிட்டோம்! எந்த அளவு செல்லாதுன்னு கயல் சொல்லியிருந்தாங்கல்ல, அதை வெச்சே கண்டுபுடிச்சோம். ஆள் மாறும்போது பழைய நோயாளியோட அளவு அழியாம புது ஆளோடதுல சேர்ந்துடுது. எங்க தப்புதான். சாயந்தரத்துக்குள்ள சரி பண்ணிடறோம்.”

சிவப்பிரகாசம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“நான் சொன்ன மாதிரி ஓட்டியிருந்தா, புது ஆளுக்கு முழு வேகத்துல...” கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். “மன்னிச்சுக்கோங்க கயல்விழி. தடுப்பு அப்படியே இருக்கட்டும். நீங்களே இருந்து இதை முடிச்சுக் குடுங்க. இனிமே இங்க தப்பை யாரும் சரின்னு வாங்கிக்கக் கூடாது. அவ்ளோதான்.”

அப்பாடா! கயல்விழிக்குச் சந்தோஷத்தில் அழுகையே வந்துவிட்டது.

“விஜி! அடியே விஜி! இன்னும் எவ்ளோ நேரம்டி?” உள்ளேயிருந்து கெங்கம்மாள் கத்தினாள்.

“யாருங்க விஜி?” என்றார் சிவப்பிரகாசம்.

“என் நாத்தனார் சார். போன வருஷம் தவறிட்டாங்க. கூப்பிடறது எங்க மாமியார். அவங்களுக்கு அது ஞாபகத்துல நிக்கல.”

“ஐயோ... நீங்க விஜி இல்லன்னு சொல்லலையா?”

“முதல் தடவை கூப்ட்டப்பவே ‘ஆங்’னு சொல்லிட்டேன் சார்,” என்ற கயல்விழி, உள்பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தாள். “தோ வந்துட்டேம்மா!”