அளவு சரிதான்

தையல்காரர் மூன்றாவது முறையாக சைக்கிளைத் தள்ளிக்கொண்டு சைக்கிள் கடைக்குப் போனபோது, இன்றைக்கு ரெண்டில் ஒன்று பார்த்துவிடுவது என்ற முடிவோடுதான் போனார்.

அறுபதை எட்டிப் பிடிக்கிற வயதில் சைக்கிள் பழக வேண்டும் என்று அவர் ஆசைப்படவில்லை. காலமெல்லாம் மெஷின் முன்னால் குனிந்து உட்கார்ந்ததில் முதுகு வளைய ஆரம்பித்திருந்தது. நடங்க, இல்லாவிட்டால் சைக்கிள் ஓட்டுங்க என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். நடந்தால் வழியில் வாடிக்கையாளர்கள் பிடித்துக்கொள்கிறார்கள். அதனால் சைக்கிள்.

வாங்கின சைக்கிளில் ஹேண்டில்பார் சீட்டைவிட ஒரு சாண் கீழே இருந்தது. அதைப் பிடித்து ஓட்டினால், தரையில் விழுந்த ஊசியைத் தேடுகிறவர் மாதிரி இருந்தது அவர் கோலம். உடம்புப் பாரமெல்லாம் உள்ளங்கையில் இறங்கி விரல்கள் மரத்துப்போயின. அன்று காலை ஊசியில் நூல் கோக்க முடியவில்லை. கத்திரிக்கோல் நழுவி, ஒரு வக்கீலின் கறுப்புக் கோட்டுத் துணியில் போகக் கூடாத வழியில் போய்விட்டது. இப்படியே போனால் தொழிலுக்கே உலை.

முதல் தடவை போய்ச் சொன்னபோது, கடைக்காரர் சைக்கிளை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். ஹேண்டில் சரியாகத்தான் இருக்கிறது, உங்களுக்குத்தான் கை கொஞ்சம் குட்டை என்றார். தையல்காரர் வீட்டுக்கு வந்து டேப்பை எடுத்துத் தன் கையையே அளந்து பார்த்தார். ஒரு குறையும் இல்லை.

இரண்டாவது தடவை, சீட் உயரமாக இருக்கிறது, கால் பெடலுக்கு எட்டவில்லை என்று போனார். வலது பெடல் கீழே போகும்போது இடுப்பை வலது பக்கம் சாய்த்துக்கொள்ளுங்கள், இடது பெடலுக்கு இடது பக்கம் என்று பதில் வந்தது. மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டால் இன்னும் நல்லதாம்.

அதையும் நம்பி அப்படியே வீடு வரைக்கும் ஓட்டினார். பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளைகள் வரிசையாக நின்று கைதட்டினார்கள். வாசலில் நின்ற மனைவி, "ஏங்க, சைக்கிள் ஓட்டுறீங்களா, படமெடுத்து ஆடுறீங்களா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள்.

இப்போது மூன்றாவது தடவை. கடைக்காரர் ட்யூபைத் தண்ணீரில் அமுக்கிப் பஞ்சர் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, ஹேண்டிலை ஏத்தி, சீட்டை இறக்கிக் குடு. ரெண்டு போல்ட்டுதானே."

"கழட்டினா வண்டியோட அழகு கெட்டுடும் மாஸ்டர். ஓட்ட ஓட்டப் பழகிடும்."

தையல்காரருக்குப் பொத்துக்கொண்டு வந்தது. தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி ஆரம்பித்தார். பேக்கரிக்காரர், டீச்சரம்மா, மருந்துக் கடைக்காரர், பாங்க் மேனேஜர் என்று கூட்டம் சேர்ந்துவிட்டது. கூட்டத்தைப் பார்த்ததும் அவருக்கு இன்னும் தெம்பு வந்தது.

"நீங்களே நியாயம் சொல்லுங்க. ஆளுக்குத் தகுந்த மாதிரி சாமானை மாத்துவாங்களா, சாமானுக்குத் தகுந்த மாதிரி ஆளை மாத்துவாங்களா?"

கூட்டத்தில் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மருந்துக் கடைக்காரர் மட்டும் லேசாக இருமினார்.

தையல்காரர் அதோடு விடவில்லை. தொழில் என்றால் என்னவென்று இந்த ஆளுக்குக் காட்டிவிடுவது என்று, கழுத்தில் கிடந்த டேப்பை உருவினார்.

"நிமிர்ந்து நில்லு. அளவு எப்படி எடுக்கிறதுன்னு நான் சொல்லித் தர்றேன். கையைத் தூக்கு."

கடைக்காரர் நிமிர்ந்து நின்றார். கையைத் தூக்கவில்லை.

"தூக்கு தம்பி."

"தூக்க முடியாது மாஸ்டர். இது நீங்க தச்ச சட்டை."

கடைக்காரர் தாடையால் தன் தோளைக் காட்டினார்.

"என் பொண்ணு கல்யாணத்துக்குத் தச்சது. தோள் பிடிக்குதுன்னு வந்து நின்னேன். சட்டை சரியாத்தான் இருக்கு, உனக்குத்தான் தோள் ஜாஸ்தி, போடப் போடப் பழகிடும்னீங்க. போட்டோ பூரா விறைச்சுக்கிட்டு நிக்கிறேன். புருஷன் வீட்டுக்குக் கிளம்பின பொண்ணைக் கட்டிப்பிடிக்கக் கை வரலை. இன்னிக்கு நீங்க வருவீங்கன்னு தெரிஞ்சுதான் மறுபடி எடுத்துப் போட்டேன்."

தையல்காரரின் பார்வை கூட்டத்தின் மேல் விழுந்தது. பேக்கரிக்காரரின் பேன்ட் கணுக்காலுக்கு மேலேயே நின்றுவிட்டது. டீச்சரம்மாவின் ஜாக்கெட்டில் ஒரு கை நீளம், ஒரு கை குட்டை. காலர் இறுக்கத்தில் பாங்க் மேனேஜர் கொக்கு மாதிரி கழுத்தை நீட்டிக்கொண்டிருந்தார். எல்லாம் எங்கேயோ பார்த்த தையல். எங்கேயோ என்ன, இவருடைய தையல்தான்.

"சாயங்காலம் சட்டையைக் கொண்டு வா," என்றார், தரையைப் பார்த்தபடி.

கடைக்காரர் ஸ்பேனரை எடுத்தார். கண் மூடித் திறப்பதற்குள் ஹேண்டில் மேலே ஏறியது, சீட் கீழே இறங்கியது. தையல்காரர் ஏறி உட்கார்ந்து பார்த்தார். முதுகு நிமிர்ந்தது. பெடல் அடியில் போனபோது முழங்கால் லேசாக மடங்கியது. கையில் பாரமே இல்லை. வீட்டு நாற்காலியில் உட்கார்ந்தபடியே தெருவில் போவது போல அத்தனை சுகம்.

மறுநாள் காலை அந்தச் சுகத்தோடு தன் கடைக்கு ஓட்டிப் போனார். தலை நிமிர்ந்திருந்ததால் தூரத்திலேயே தெரிந்துவிட்டது. கடை வாசலில் தெருவே திரண்டு நின்றது. ஒவ்வொருவர் கையிலும் ஒரு துணி மூட்டை.

சத்தம் போடாமல் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போய்விடலாம் என்றுதான் அவர் நினைத்தார்.

திருப்புவதற்கு மட்டும் இன்னும் பழகியிருக்கவில்லை.